பெப்ரவரியில் பாஸ் மீன்

குளிர்காலத்தில் பாஸ் மீன் பிடிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். நூலை வேகமாகச் சுற்றுகிறார்கள். தண்ணீர் குளிர்ந்தால் மீனுக்கும் உடம்பு மந்தமாகிவிடும்; இரையைத் துரத்தி வராது. தூண்டிலை அடிமட்டம் வரை இறங்கவிட்டு, இழுக்கிறோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வருமளவுக்கு மெதுவாக இழுக்க வேண்டும். சின்னப் படகென்றால் எழுந்து நிற்கக் கூடாது. இதையெல்லாம் கிருஷாந்துக்கு நான் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆங்கிலத்திலேயே பேசலாமே என்றீர்கள். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் அதில் சொன்னால் ஏதோ கோபத்தில் செய்தது போல ஆகிவிடும். தமிழில் சொல்கிறேன், இந்தப் பிள்ளை உங்களுக்கு மொழிபெயர்க்கட்டும்.

கிருஷாந் என் மனைவி சிவரூபினியின் தம்பி. பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். போன வருடம் சிவரூபினிக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துவாரம் வைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி மலம் அந்தப் பைக்குள்தான் வரும் என்றார்கள். அதை எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது என்று நேர்ஸ் எங்கள் இருவருக்கும் காட்டினார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு ஒன்றின் படம்.

லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் எனக்கு ட்ரை கிளீனிங் கடை இருக்கிறது. ஊராரின் வியர்வை, வாந்தி, இரத்தம் எல்லாம் என் கைபட்டுத்தான் போகிறது. ஆகவே என்னை அருவருப்புப் பார்க்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். துணியில் இருக்கும் கறை காய்ந்துபோய்ச் சும்மா கிடக்கும். இது அப்படியில்லை. அவள் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சூடாக நிரம்பும். சில நேரம் சத்தம் போடும். அவளுக்கு நல்ல நித்திரை வேண்டும் என்பதற்காக நான் சின்ன அறைக்கு மாறிக்கொண்டேன்.

அப்போதுதான் கிருஷாந் வந்தான். சில கிழமைகள் நிற்க வந்தவன் மாதக்கணக்கில் நின்றான். வந்த அன்றே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கையில் எடுத்தான். கையுறை போடமாட்டான். போட்டால் அக்காவுக்கு மனம் நோகுமாம். அந்தப் பைக்கு இருவருமாகப் ‘பேர்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பேர்ஸ் நிரம்பிவிட்டது, செலவழிக்கலாமா என்று அவன் கேட்பான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என்னோடு வாழ்ந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரு பெண் எதைப் பற்றிச் சிரிப்பது என்று ஒரு வரைமுறை வேண்டாமா என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

அதே கையால் புட்டுக்கு மாக்குழைப்பான். கழுவுவான்தான், இல்லையென்று சொல்லவில்லை. குளியலறைக் கதவடியில் நின்று தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அவனுடைய விரல்களைப் பார்த்தால் அவை எங்கே இருந்துவிட்டு வந்தன என்பதுதான் எனக்குத் தெரியும். மீன் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து, முள் எடுத்து, அதே விரல்களால் என் சாப்பாட்டுக் கோப்பையில் வைப்பான். தலையைத் தான் எடுத்துச் சூப்புவான். நான் கடையில் பிஸ்கட் சாப்பிடத் தொடங்கினேன். காற்சட்டைகள் இடுப்பில் நிற்காமல் போயின. யாரும் கேட்கவில்லை.

தைப்பொங்கலுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். சிவரூபினி சேலை கட்டி, சோபாவில் இருந்தாள். பேச்சுக்கு நடுவில் பை கழன்றுவிட்டது. முதலில் மணம் வந்தது. பிறகு சேலையில் ஊறியது. எல்லாரும் கதையை நிறுத்தாமல் கதைக்கப் பார்த்தார்கள். நான் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். குப்பைத் தொட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கடைசிக் கார் போகும் வரை அங்கேயே நின்றேன்.

உள்ளே வந்தபோது கிருஷாந் சமையலறையில் சேலையை அலசிக்கொண்டிருந்தான். திரும்பாமலே பேசினான்.

“அத்தான், அக்கா என்னைப் பாக்கேல்ல. நான் துடைக்கேக்கையும் யன்னலுக்குள்ளால உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவ.”

நான் தோட்டத்துக் கதவைப் பூட்டினேன்.

“ஒருக்கா என்னோட நிண்டு செய்து பாருங்கோ. ரெண்டு நாளில பழகிடும். அவ உங்கட மனுசி.”

இதற்காக எனக்கு அவன் மேல் கோபம் வந்தது என்று எழுதவேண்டாம். எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவன் அந்தச் சேலையை என்னிடமே நீட்டினான். உங்களுக்குத்தான் கறை எடுக்கத் தெரியும் என்றான். கடைக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

பெப்ரவரியில் அவனை மீன்பிடிக்கக் கூப்பிட்டேன். அவனுக்குத் தண்ணீரென்றால் பயம், நீந்தத் தெரியாது. முதலில் மறுத்தான். பிறகு, நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக எங்காவது போனால் அக்கா சந்தோசப்படுவாள் என்று சொல்லிச் சம்மதித்தான். என் படகு தேம்ஸ் கடலோடு சேர்கிற பக்கத்தில் நிற்கிறது. என்னிடம் இரண்டு லைஃப் ஜாக்கெட் இருந்தன. தண்ணீர் பட்டால் தானாக ஊதுகிற வகை. உள்ளே சின்னதாக ஒரு வாயுக் குப்பி இருக்கும். ஒன்று முந்திய கோடையில் நனைந்து ஊதிவிட்டது, குப்பியை நான் மாற்றவில்லை. அதைத்தான் அவனுக்குப் போட்டுவிட்டேன். கொழுக்கியில் அதுதான் முன்னால் தொங்கியது. முழங்கால் வரை வருகிற பெரிய சப்பாத்தும் கொடுத்தேன். கால் குளிரக் கூடாதல்லவா.

நீங்கள் எழுதுவதை நிறுத்தியதைக் கவனித்தேன். படகில் ஏறும்வரை என் மனதில் எந்த எண்ணமும் இருக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வெயில் இருந்தது. காற்றில்லை. குளிரில் மீன் மணத்துக்குத்தான் வரும் என்பதால் உயிர்ப் புழு வாங்கியிருந்தேன். நான் இடுக்கியால் எடுத்தேன். அவன் விரலால் எடுத்து, நசிந்த புழுவின் சாறு நகத்துக்குள் போகப் போகக் கொழுக்கியில் கோத்தான். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு ஒரு பெட்டியைத் திறந்தான். முட்டை சான்ட்விச். அக்கா காலையில் தானே எழும்பி நின்று செய்தாள், இது உங்களுக்காகச் செய்தது என்றான். பாதியை அந்தக் கையால் பிய்த்து நீட்டினான். அவன் தொட்டதை. அவளும் தொட்டதை. வாங்கினேன். அவன் அந்தப் பக்கம் திரும்பியபோது தண்ணீரில் விட்டேன்.

பிறகு அவனுக்கு மீன் பட்டது. நான் சொன்னபடியே மெதுவாகச் சுற்றினான். நல்ல மீன், வெள்ளிபோல. அவன் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். அக்காவுக்குக் காட்ட ஒரு படம் எடுங்கோ என்றான். எழும்பி நின்றால் படம் வடிவாக விழும் என்றேன். எழும்பினான். இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போ என்றேன். போனான். நான் மோட்டரைத் திருப்பினேன்; படகு ஒருபக்கம் சாய்ந்தது.

அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் விழுகிறவர்கள் கத்த மாட்டார்கள். மூச்சு உள்ளே போய்க்கொண்டேயிருக்கும், வெளியே வராது. ஜாக்கெட் ஊதவில்லை. அவன் எப்படியோ படகின் விளிம்பைப் பிடித்துவிட்டான். மற்றக் கையை என்னிடம் நீட்டினான்.

“அத்தான், கை.”

அந்தக் கையை நான் பார்த்தேன். கிட்டத்தில், நல்ல வெளிச்சத்தில். நகத்துக்குள் இன்னும் புழு இருந்தது. என் கையில் தடித்த கையுறை இருந்தது, பிடித்திருக்கலாம். ஆனால் என் தொண்டை வரை குமட்டிக்கொண்டு வந்தது. அது உடம்பின் வேலை. என் கையில் இல்லை. அவனுடைய விரல்களை நான் கழற்றிவிட்டேன் என்று யாராவது சொன்னால் அது பொய். குளிரில் விரல்கள் தாமாகவே விட்டுவிடும். நான் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

மீன் படகுக்குள் கிடந்து துடித்தது. அந்த மாதத்தில் பாஸ் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகச் சட்டம் விடாது. தண்ணீரில் பிடித்து, அது மூச்செடுத்துச் சுதாரித்த பிறகு விட்டேன். அதற்குப் பிறகுதான் கரையோரக் காவலை அழைத்தேன்.

விபத்து என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். கோயிலில் சந்திக்கிறவர்கள் என் தோளைத் தடவினார்கள். சிவரூபினி அழவில்லை. செத்தவீடு முடிந்து, வட லண்டன் எட்மண்டனில் இருக்கும் அவளுடைய சிநேகிதி இம்மாகுலேற் வந்து பையை மாற்றக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். அப்போது சிவரூபினி கேட்டாள்.

“அவன் கையை நீட்டினவனா?”

“ஓம்.”

“நீங்கள் பிடிச்சனீங்களா?”

நான் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இல்லை என்றேன். அவள் தலையாட்டினாள். இவ்வளவு நாளும் தெரிந்திருந்த ஒன்றைக் கேட்டது போலத்தான் தலையாட்டினாள். இம்மாகுலேற்றின் காரில் போய்விட்டாள். அடுத்த நாள் பொலிஸ் காரில் நீங்கள் வந்தீர்கள்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். நான் அவனைக் கொன்றேன், அதை மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய மானத்துக்காகத்தான் செய்தேன். கட்டிய கணவன் இருக்கும்போது இன்னொருவன் அவளை அந்த நிலையில் பார்ப்பதை எந்த மனிதன் பொறுப்பான்? நான் அவளில் உயிரையே வைத்திருக்கிறேன். அவள் ஒருமுறை வந்தால் எல்லாவற்றையும் நானே விளங்கப்படுத்துவேன். தயவுசெய்து வரச்சொல்லுங்கள்.

அவள் வரும்போது இந்த அறை வேண்டாம். யன்னல் திறக்கக்கூடிய அறையாகப் பாருங்கள்.