ஓரத்தில் விழுந்த கோடு

எனக்குப் பொத்தான் தைக்க வராது. வயது ஐம்பத்திரண்டு, ஒரு பத்திரிகைக்கு ஆசிரியன், ஆனால் ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் கை உதறும். அக்காதான் தைத்துக் கொடுப்பாள். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு. அன்றிலிருந்து என் சட்டைகளெல்லாம் அவள் பொறுப்பு.

நீங்கள் அக்காவின் வக்கீல். மேல்முறையீட்டுக்காக, அந்தத் தாளில் ஓரக் கோடு எப்படி வந்தது என்று மட்டும்தான் கேட்டீர்கள். கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

அந்தக் கட்டுமான நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் அக்காவுக்கு இருபத்திரண்டு வருட வேலை. புதுப் பாலத்தின் தூண்கள் சோதனையில் தேறவில்லை, அது தெரிந்தும் பாலத்தைத் திறக்கலாம் என்று அமைச்சர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாள் அவள் கண்ணில் பட்டது. ஜெராக்ஸ் எடுத்து, இஸ்திரி போட்ட என் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"எங்க பிரிவு மெஷின் கண்ணாடியில ஒரு கீறல் இருக்குடா, அதுல ஜெராக்ஸ் எடுக்கறது நான் ஒருத்திதான். எதை எடுத்தாலும் ஓரத்துல ஒரு கோடு விழும். மறக்காம வெட்டிட்டுப் போடு. இல்லேன்னா என் கதை கந்தல்தான்."

"போக்கா, எனக்கே பாடமா?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

வெட்டித்தான் போட்டேன். முதல் நாள் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. மறுநாள் அமைச்சர், அந்தத் தாளே போலி, யாரோ வீட்டில் உட்கார்ந்து தயாரித்தது என்றார். நிறுவனமும் ஒத்து ஊதியது. படுத்துவிட்ட அவர்கள் பங்கு விலை சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பாலத்தில் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டு, வாரக் கடைசிக்குள் நிரூபி, இல்லையென்றால் முதல் பக்கத்தில் மன்னிப்புப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றார். அசல் தாளோ நிறுவனத்தின் பெட்டகத்தில்.

நிதானமாக யோசித்தேன். போலித் தாளைக் கொடுத்தது யார் என்று எவரும் தங்கள் ஆட்களிடையே தேட மாட்டார்கள். தேடிப் பிடித்துத் திருட்டு வழக்குப் போட்டுவிட்டால், தாள் அசல் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆள் கையில் கிடைத்தால் ஆத்திரத்தில் அதைச் செய்யாமல் இருக்க மாட்டார்கள். அதற்கு அவர்களிடம் ஆள் சிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் அதே தாளை அரைப் பக்கத்துக்குப் பெரிதாகப் போட்டேன். பக்கம் வடிவமைப்பவர் கணினியைக் காட்டினார்.

"சார், ஓரத்துல ஒரு கோடு அசிங்கமா தெரியுது. வெட்டிடட்டுமா?"

"இருக்கட்டும்."

"அன்னிக்கு நீங்கதானே சார் வெட்டச் சொன்னீங்க?"

"இன்னிக்கு வேண்டாம்."

பத்திரிகை வந்த அன்று பதினொரு மணிக்கெல்லாம் நிறுவனத்து ஆட்கள் அக்காவின் மேசைக்கு வந்துவிட்டார்கள். ரகசிய ஆவணத்தைத் திருடியதாக நிறுவனம் கொடுத்த புகாரை வரி விடாமல் வெளியிட்டேன். 'தாள் அசல்தான்' என்ற தலைப்பு நானே வைத்தது. அமைச்சர் பதவி விலகினார். பாலத்தை மூடினார்கள். எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், வேறு எதையும் எண்ணிவிடக் கூடாதே என்று.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் "சரிடா" என்றிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

அவளுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்கு ஒரு வருடம் நடந்து, மூன்று வருடத் தண்டனை ஆனது. பத்திரிகை வேலை அப்படி, போய்ப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை. போன வாரம்தான் முதல் தடவையாகச் சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பாதியாக இளைத்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கும் முன்பே சட்டையைப் பார்த்துவிட்டாள்.

"மேல் பொத்தான் எங்கடா?"

"விழுந்துடுச்சுக்கா."

"இங்க ஊசி தர மாட்டாங்கடா" என்றாள், ஏதோ தன் தப்பு மாதிரி.  

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கோடு எப்படிடா விட்டுப்போச்சு? சொல்லித்தானே கொடுத்தேன்?"

"பக்கம் போடறவர் கவனிக்கலக்கா. அவசரத்துல..."

வலைக்குள் விரலை விட்டு என் காலரைச் சேர்த்து மூடப் பார்த்தாள்; எட்டவில்லை.

"சரி, விடு. அவரைத் திட்டிடாதே. பிள்ளைகுட்டிக்காரர். வேலையை விட்டும் எடுத்துடாதே. நாம அழுதது போதும்."

அவரை நான் திட்டவில்லை. இன்றும் அதே மேசையில்தான் இருக்கிறார், வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் சொந்தபந்தத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள், வக்கீலம்மா. அக்கா சொல்லை நான் ஒருநாளும் தட்டியதில்லை.