தொரக்கண்ணு மாட்டுன ஹெட்செட்டு

கழட்டாத, கழட்டாத! மொதல்ல சொல்றத கேளும்மா. முன்சக்கரத்த தூக்கிப் புடிச்சு ஹேண்டில்பார இப்டி திருப்பு... ஆங்! கேட்டுச்சா? கரக்கு... கரக்கு... மணல்ல மல்லாக்கொட்ட வறுக்கற சத்தம்! மவுண்டன் பைக்குன்னு பேரு வெச்ச சைக்கிளு போடற சத்தமாம்மா இது? விக்கிரவாண்டி டோல்கேட்டுல ஒரு லாரிக்காரன் எறங்கி அவன் டயர தட்டிப் பாக்கறான். என் சைக்கிள் சத்தத்துக்கு!

இன்னா ஹெட்செட்டுமா வித்த நீ? சைக்கிள் கழுத்துல மேல ஒரு பேரிங்கு, கீழ ஒரு பேரிங்கு, ஊடால ஹேண்டில் தண்டு. திருப்புனா வெண்ணெயாட்டம் திரும்பணும். விழுப்புரத்துல கடையே இல்லன்னா திண்டிவனம் வரைக்கும் மிதிச்சுக்கினு வந்தேன்? கலைப்பிரியா, ஒன் கடைல சரக்கு சுத்தம்னு நம்ப சைக்கிள் வாட்ஸப் க்ரூப்புல சொன்னதே நாந்தான? சரி, ஸ்பேனர எடு. மெதுவா.

ஒரு வாரமா க்ரூப்புல இதே பஞ்சாயத்துதான். பத்து பேரு, பன்னெண்டு கருத்து. சக்கரபாணி சாரு, ரிட்டயர்டு வாத்தியாரு, "பேரிங்கே மட்டம்"ங்கறாரு. சைக்கிளு வாங்கி மூணு வருசமாவுது, மனுசன் ஏரிக்கரையத் தாண்டுனதில்ல! பிரான்சிஸு இருக்கானே, "அண்ணே, டைட்டு ஜாஸ்தி, அரை சுத்து லூசு பண்ணு"ன்னான். பண்ணேன். காணை போற மண்ரோட்டுல ஹேண்டிலு கூத்தாடி, நேரா கரும்புத் தோட்டத்துக்குள்ள பூந்துட்டேன். தோட்டக்காரன் எந்திரிக்கவும் வுடாம, எத்தினி கரும்பு சாஞ்சுதுன்னு எண்ணிக்கினு நிக்கறான். ஆரோக்கியராஜு சொல்றான், "என் ஹெட்செட்டு சத்தமே போடாது"ன்னு. எப்டிடா போடும்? ஓட்டுனாத்தான!

அப்பால நானும் வுட்டேன் ஒரு வாய்ஸு. பதினோரு நிமிசம். கலைப்பிரியா கடைல ஹெட்செட்டு யாரும் வாங்காதீங்க, மட்ட சரக்குன்னு... ஆமா, நாந்தான் சொன்னேன். ஒம்போது பேரு ஆர்டர கேன்சல் பண்ணிட்டாங்களாமே? இனிமே மவுண்டன் பைக்கு சாமானே வெக்கப் போறதில்லன்னு நீகூட சொன்னியாம். கேட்டப்ப மனசுக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு. நீ என் பொண்ணு மாதிரி. ஆனா ஞாயம்னு ஒண்ணு இருக்குதுல்ல?

மாட்டுனது தப்பா? யாராண்ட கேக்கற! முப்பது வருசமா தச்சு வேல பாக்கறவன்மா இந்தத் தொரக்கண்ணு. நான் நிறுத்துன வாசக்கால்ல ஒண்ணு கோணி பாத்திருக்கியா? நீ "மாட்டித் தர்றேன் பெரிப்பா"ன்னுதான் சொன்ன. நாந்தான் வேணாம்னுட்டேன். வூட்டுல புதன்கெழம நல்ல நேரம் பாத்து, கெழக்க பாத்து சைக்கிள நிறுத்தி, மஞ்ச குங்குமம் வெச்சு, ஒரு வாசக்காலு எப்டி நிறுத்துவனோ அப்டி முறையா மாட்டுனேன். ஒரு கொறையும் வெக்கல.

சத்தம் வந்தப்புறம் சொம்மாவா இருந்தேன்? லாரி கழுவறவனாண்ட ஓட்டிக்கினு போயி, கழுத்துக்குள்ளயே தண்ணிய பீச்சி அடிறான்னேன். ரெண்டு நாளு சத்தம் கம்மி. மூணாம் நாளுலேர்ந்து ஹேண்டிலு திரும்பவே அழுவுது. உள்ள எதுவோ ஊதிக்கினாப்ல இறுக்குது. துருதான்னு பிரான்சிஸு அதுக்கும் ஒரு கருத்து சொன்னான்.

கழண்டுடுச்சா? பேரிங்கு பளபளன்னுதான் இருக்குது... இன்னாம்மா அது? தட்டுல இன்னாத்த கொட்டற? பச்சையா...

அட பேஜாரே.

அது வந்தும்மா... அது பச்சப்பயறு. இது கொள்ளு. மொச்ச ரெண்டா பொளந்துக்கினு இருக்குது. பயறு மொளச்சு வெரல் நீளத்துக்கு நிக்குது பாரேன்! இன்னா மொறைக்கற? வாசக்காலு நிறுத்தறப்போ அடியில நவதானியம் போடாம நிறுத்துவாங்களா? வூடு வெளங்குமா? அந்தப் பழக்கம்தான். தண்ட சொருகறதுக்கு முன்னாடி கையி தானா ஒரு புடி... புடிகூட இல்லம்மா, ஒவ்வொண்ணுலயும் நாலு நாலு மணி. என் வூட்டுக்காரி காந்திமதி அப்பவே சொன்னா, "சைக்கிளுக்கு எதுக்குய்யா நவதானியம்"னு. பொம்பள பேச்ச நான் என்னிக்கு கேட்டேன்?

சிரி, நல்லா சிரி. ஆனா போட்டோ மட்டும் புடிக்காத! அந்த வாத்தியாரு சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. என் ஃபோன எதுக்கு நீட்டற? வாய்ஸு போடணுமா? இப்பவேவா? நாளைக்கு ஜல்தியா எந்திரிச்சு... சரி. சரிம்மா. ஒன் பொழப்புல மண்ண போட்டவன் நாந்தான். பட்டன நீயே அமுக்கிப் புடிச்சுக்க, நான் பேசி முடிச்சதும் கைய எடு, க்ரூப்புக்கு போயிடும்.

"எல்லாருக்கும் வணக்கம். தொரக்கண்ணு பேசறேன். கலைப்பிரியா கடை ஹெட்செட்டப் பத்தி நான் சொன்னது அத்தனையும் தப்பு. மன்னிச்சுக்கோங்க. கேன்சல் பண்ணவங்க மறுபடி ஆர்டர் குடுத்துடுங்க, மாட்டறத அந்தப் பொண்ணே மாட்டட்டும். நல்ல கெட்டியான ஹெட்செட்டுங்க. ஒரு வாரமா ஓட்டறேன், உள்ள போட்டதுல ஒரு பயறுகூட வெளிய சிந்தல..."

ஐயய்யோ, பயறுன்னு சொல்லிட்டனே! கைய எடுக்காத! எடுக்காதம்மா... போயிடுச்சா?