தலைவர் மூக்கில் ஓட்டை போட்டவன் யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, மீன் சந்தைத் தலைவி அராபா அக்கா அவர்களே, துக்கத்துக்குச் சிவப்பும் கருப்பும் உடுத்தி நம் மண்கெசிம் ஊர் மண்ணை நிறைத்திருக்கும் சொந்தங்களே! கடைசியாக, அந்தப் பனைமரத்தடியில் தடியோடு நிற்கும் வாலிபர் படைத் தம்பிகளே, உங்களுக்கும் என் வணக்கம்.

நாணயமாற்று எழுத்தர் குவாமினா அபாகா ஐயா மறைந்துவிட்டார். அரசாங்கக் கோப்பில் அவர் பெயர் எப்படி இருக்கிறது? 'நாட்டின் நாணயத்தைச் சிதைத்த குற்றவாளி' என்று இருக்கிறது. அது பொய். அதைச் சொல்லத்தான் ஏக்கோ தாண்டோ என்னும் இந்தச் சைக்கிள் கடைக்காரன் எழுந்து நிற்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், விடுதலைக்குப் பின் அடித்த புதுக் காசை மாற்றிக்கொடுக்க ஐயா வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரன் காலத்துப் பென்னியில் நடுவே ஓட்டை இருக்கும். நம் பெண்கள் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டுவார்கள். புதுப் பென்னியில் ஓட்டை இல்லை. நாட்டுத் தலைவர் முகம் இருந்தது.

அராபா அக்கா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எங்கய்யா கோக்குறது, உங்க மூக்குலயா?" என்று கேட்டார்.

"பை தச்சுக்கங்கக்கா. நாடும் புதுசு, காசும் புதுசு."

"பைய அறுத்தா சத்தம் வராது. கயித்த அறுத்தா சந்தையே திரும்பிப் பாக்கும். திருடன் வர்ற நாட்டுக்குத்தான்யா ஓட்டை வேணும்."

சந்தையே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். சட்டப்படி ஓட்டை போடக்கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்தார்.

நான் உட்காரவில்லை. ஆணி எடுத்தேன், சுத்தியல் எடுத்தேன். நிமிடத்துக்கு நாற்பது ஓட்டை! லண்டன் அச்சுச் சாலைக்காரன் பார்த்திருந்தால் இயந்திரத்தைக் கடலில் எறிந்திருப்பான். நூறு காசுக்கு ஒரு கென்கே சோளமாவு உருண்டை கூலி. ஒவ்வொரு ஓட்டையும் அச்சுப் பிசகாமல் தலைவர் மூக்கில்தான் விழுந்தது.

மதியத்துக்குள் செய்தி போய்விட்டது. லாரியில் தலைவர் கட்சியின் வாலிபர் படை வந்தது. போலீஸ் ஏழு பேர் என்றது. என் கணக்கில் எழுபது. வந்தவர்கள் எதையும் கேட்கவில்லை. அடித்தார்கள். புகையடுப்புகள் சரிந்து நெருப்பு காலில் கொட்டியது. மீன்காரிகளின் இடுப்புக் கயிற்றைச் சதையோடு சேர்த்து அறுத்தார்கள். அராபா அக்காவின் கையை முழங்காலில் வைத்து, விறகு ஒடிப்பதுபோல் ஒடித்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

"தலைவர் மூக்குல ஆணி அடிச்சவன் எவன்டா? சொல்லலேன்னா ஒருத்தியும் வீடு போக மாட்டா" என்றான் அவர்கள் மூத்தவன்.

ஒரு பெண்ணாவது வாய் திறந்தாளா? இல்லை. நான் திறந்தேனா? எழுபது பேரை ஒற்றையாய் அடித்து விரட்டினேன் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! சொந்தங்களே, நான் இருந்தது கவிழ்ந்து கிடந்த ஒரு மீன் கூடைக்குள்.

ஐயா நிழலிலிருந்து எழுந்து வந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான் அடிச்சேன். சுத்தியல் கனமா இருக்குதுப்பா, பாத்துப் புடி" என்றார்.

என் கடைக் கல்லின் மேல் அவர் வலக்கையை வைத்தார்கள். பணம் எண்ணும் கை. ஐந்து அடி. ஐந்தையும் கூடையின் சந்து வழியே பார்த்தேன். நான் இருந்த பக்கம் ஒருமுறைகூட அவர் கண்ணைத் திருப்பவில்லை.

கை புழுத்தது. மணிக்கட்டோடு எடுத்தார்கள். வேலை போயிற்று. மூன்று மாதச் சிறை வேறு. வெளியே வந்தவரிடம், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குப் போனது ஒரு கை, ஏக்கோ. உனக்குக் கழுத்து போகும். போய்ச் சைக்கிளுக்குக் காத்தடி" என்றார்.

ஐந்து வருடம் காற்றடித்தேன். இனி முடியாது.

நாளைக் காலை மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறேன். ஓட்டை போட்டது ஏக்கோ தாண்டோ என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பனைமரத்தடித் தம்பிகளே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், என் கடை லாரி நிலையத்துக்கு எதிரே. அபாகா ஐயா பெயர் அந்தக் கோப்பிலிருந்து அழியும்வரை தினமும் போவேன். நான் திரும்பாவிட்டால் அடுத்த நாள் போக ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?

அராபா அக்கா, நீங்கள் எழ வேண்டாம், உடம்புக்கு ஆகாது.

சரி, நில்லுங்கள். உங்கள் பின்னால் எழுபவர்களுக்கும் கொஞ்சம் வழி விடுங்கள்.