ரத்தம் கட்டக் கூடாது

ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவள் என்று எங்கள் வார்டில் எனக்கு நல்ல பெயர். சுளிக்காதது முகம் மட்டும்தான். உள்ளே என்ன ஓடும் என்று பத்தொன்பது வருடமாக ஒருவரும் கேட்டதில்லை.

எலும்பு வார்டில் செவிலி நான். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் வீட்டுக்குப் போன பிறகும், காலில் ரத்தம் உறையாமல் இருக்கச் சில வாரம் தினமும் ஊசி போட வேண்டும். அதை வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. தொப்புளுக்கு மூன்று விரல் தள்ளி, சதையைப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். தொண்டை வற்றச் சொல்லுவேன். தலையாட்டிவிட்டு வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுவார்கள்.

அவர் அப்படித் தலையாட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. அம்மாவை அழைத்துப் போக வந்தவர். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்பார்; நடையும் சற்றுக் கூனல். கேள்விக்குறி என்று பெயர் வைத்தோம். அவர் அம்மா என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்குள் இருக்கும் காற்றுக் குமிழைத் தட்டி வெளியே விடுங்கள் என்று வகுப்பில் சொன்னேன். வருடக்கணக்காக அப்படித்தான் சொல்லிவந்தேன். அவர் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்து, "குமிழை விடக் கூடாதுன்னு போட்டிருக்கே சிஸ்டர், மருந்தும் சேர்ந்து போயிடுமாமே" என்றார். தலைமைச் செவிலி அங்கேயே நின்றிருந்தார். பத்துக் குடும்பத்தின் முன்னால், அவர் சொல்வதுதான் சரி என்று என்னைத் திருத்தினார். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஊசி போட்ட இடம் சிலருக்கு நீலமாகும். அதை நான் "கன்னிப் போகும், பயப்படாதீங்க" என்பேன். ரத்தம் கட்டும் என்று மறந்தும் சொல்ல மாட்டேன். தோலில் நீலம் பாய்ந்தாலும் நம் வாயில் ரத்தக்கட்டு. ரத்தக் குழாய்க்குள் உறைந்தாலும் ரத்தக்கட்டு. முதலாவது ஊசியால் வருவது. இரண்டாவதைத் தடுக்கத்தான் ஊசி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் போன நான்காம் நாள் கூப்பிட்டார். அதற்குள் அது பதினோராவது அழைப்பு. ஊசி போட்டு முடித்ததும் நன்றாகத் தேய்த்துவிடுகிறாராம். ஆனாலும் வயிற்றில் இரண்டு பக்கமும் ரத்தம் கட்டியிருக்கிறதாம்.

"கட்டக் கூடாதுன்னுதானே சிஸ்டர் ஊசியே? அப்ப டோஸ் பத்தலையா?"

தேய்ச்சதால கன்னியிருக்கு, அவ்வளவுதான் என்று ஒரே மூச்சில் முடித்திருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது. அத்தனை கெட்டிக்காரருக்கு இது தெரியவில்லையே என்று, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ரத்தம் கட்டக் கூடாதுங்க. கட்டினா உயிருக்கே ஆபத்து" என்றேன்.

"அப்ப இனிமே சாயங்காலமும் ஒண்ணு போட்டுடறேன்."

போனை வைத்தேன்.

நான்கு நாள் கழித்து வார்டு உதவியாளர் ஒரு தகவல் கொண்டுவந்தாள். பல் தேய்க்கும்போது அம்மாவுக்கு ரத்தம் நிற்காமல் வருகிறதாம். என்ன செய்வது என்று கேட்கிறாராம். உடனே அழைத்து வர வேண்டிய அறிகுறி அது. அதை வகுப்பில் சொல்பவளே நான்தான். மெத்தென்ற பிரஷ்ஷாக வாங்கச் சொல்லு என்றேன். அந்த அறிவுரையும் தாளில் இருக்கிறது.

மறுநாள் கொண்டுவந்தார்கள். மூளையில் கசிவு. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எங்க சிஸ்டர் தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார். தேய்த்திருக்கக் கூடாது என்றேன். அதன்பின் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விசாரணைக்கு வந்த உங்களிடமும் தன் கைதான் அம்மாவைக் கொன்றது என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதனால்தான் வந்தேன்; அந்தப் பழி அவருக்கு வேண்டாம். இரண்டாவது ஊசி போடுவார் என்று எனக்குத் தெரியும். போட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அதை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் திருத்திவிடுங்கள். நான் தவறான தகவல் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் அவரிடம் சொன்னவற்றை வரிசையாக வைத்து எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். இந்தத் தடவை ஒரு சொல்லைக்கூட யாரும் திருத்த முடியாது.