பாத்துட்டேன், கிளம்பிட்டேன்

மதியத்துக்கு மேல் தேநீர் குடித்தால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் வேண்டாம். தண்ணீர் போதும். பதிவுக் கருவி ஓடுகிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்திலும் எல்லாப் பேச்சும் பதிவாகும். பதினோரு வருடமாகப் பழகிவிட்டது, எனக்குக் கூச்சம் இல்லை.

நான் லிஃப்ட் கம்பெனியில் வேலை செய்கிறேன். பழுது பார்ப்பவன் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணிப்படம் போட்ட பொத்தானை அழுத்தினால் ஒரு குரல் பேசுமே, அந்தக் குரல் நான். முன்னூற்றுச் சொச்சம் கட்டிடங்கள், மூன்று கணினித் திரைகள், ஒரு நாற்காலி. எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற விதி ஒன்று உண்டு. திரையில் சிவப்பு எண் வந்தால் அது நிற்கக்கூடாது. உடனே திறக்க வேண்டும், இரண்டு நிமிடத்துக்குள், "பாத்துட்டோம், ஆள் கிளம்பிட்டார்" என்று சொல்லிவிட வேண்டும். மெக்கானிக் அப்போது சோற்றில் கை வைத்திருப்பார். அதைப் பற்றிக் கவலையில்லை. மாட்டிக்கொண்டவருக்கு முதலில் வேண்டியது மெக்கானிக் இல்லை, யாரோ பார்த்துவிட்டார்கள் என்ற எண்ணம்தான். இதைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

என் தங்கை இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வாள். "எங்கண்ணன்கிட்ட நாலு வார்த்தை நல்லா பேசணும்னா லிஃப்ட்ல போய்தான் மாட்டிக்கணும்" என்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. வீட்டில் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தவன் நான்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது. வேலை நிரந்தரம், கெட்ட பழக்கம் இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றாவது ஆளிடம் நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, இடது காது சரியாகக் கேட்காமல், ஒரு பையும் ஒரு பெண் பிள்ளையுமாக அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அன்று நான் எனக்குள் ஒரு முடிவு செய்தேன். இனிமேல் இவள் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று.

வந்த மறுநாள் சமையலறை மேசையில் கைப்பேசியை என் பக்கம் தள்ளினாள்.

"அண்ணா, நான் எங்க இருக்கேன், யார்கூட பேசறேன்னு அந்த ஆளுக்கு ஒரு துளி தெரியக்கூடாது. இதுல என்னென்ன பூட்டணுமோ பூட்டிக் குடு."

எல்லாவற்றையும் பூட்டினேன். முகப்புப் படத்தை மறைத்தேன். கடைசியாக எப்போது வந்தாள் என்று காட்டுவதை நிறுத்தினேன். அவன் எண்ணையும் அவன் சொந்தக்காரர்கள் நாலு பேர் எண்ணையும் தடுத்தேன். ஆறு இலக்க ரகசிய எண் போட்டு, இதை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்றேன்.

"நீ கேட்டாகூடவா?"

"நான் ஏன் கேக்கப்போறேன்?"

கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லைதான். கைப்பேசித் திரைக்குக் காப்புக் கண்ணாடி ஒட்டி வாங்கி வருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். கண்ணாடியும் ஒட்டினேன். அதோடு, வேலை தொடங்குமுன் என் மூன்றாவது திரையில் ஒரு ஓரமாக அவள் செய்தி அனுப்புகிற செயலியைத் திறந்து வைத்தேன். கைப்பேசியைக் கணினியில் வருகிற கட்டத்துக்கு நேராகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதன் பிறகு அவளுக்கு வருவதும் அவள் அனுப்புவதும் எனக்கும் தெரியும். யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா?

பிறகு அவள் தனி வீடு எடுத்தாள். இரண்டாவது மாடி, முன்னால் சின்ன பால்கனி. சலவைக் கடையில் இஸ்திரி வேலை. அந்த முகவரி தெரிந்தவர்கள் நானும் அவள் சிநேகிதியும் மட்டும். சிநேகிதி மருந்துக்கடையில் வேலை செய்வதால் அவளை 'மாத்திரை' என்றுதான் தங்கை கூப்பிடுவாள். உங்களிடம் புகார் கொடுத்தவள் அவள்தான்.

ஏழு மாதம் படித்தேன். விரசமாக ஒன்றும் இல்லை, நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். பிள்ளைக்கு வாங்கிய செருப்பு, கால் வலி, கடை முதலாளியின் தொப்பை பற்றிய சிரிப்பு. என்னைப் பற்றியும் வரும். 'அண்ணன் நல்லவன்தான். ஆனா கேள்விமேல கேள்வி, மூச்சு முட்டுது' என்று ஒருநாள் மாத்திரைக்கு எழுதினாள். நான் கோபப்படவில்லை. அன்றிலிருந்து கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். பதில்கள்தான் எனக்கு முன்பே தெரியுமே.

அவள் ஜுரம் என்று எழுதினால் சாயந்திரம் நான் மருந்தோடு போய் நிற்பேன். "உனக்கு எப்படிண்ணா தெரியும்?" என்பாள். மனசு சொல்லிச்சு என்பேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பது நின்றுவிட்டது. ஒரு புதன்கிழமை அவள் மாத்திரைக்கு எழுதியதை நான் அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். 'யாரோ கூடவே இருக்கிற மாதிரி இருக்குடி. மனசுல நினைச்சா அண்ணன் வந்து நிக்கறான். பயமா இருக்கு.'

மாத்திரை கெட்டிக்காரி. அந்தச் செயலி வேறு எங்கேயாவது திறந்திருக்கிறதா என்று காட்டுகிற பட்டியல் ஒன்று உள்ளே இருக்கிறது, சனிக்கிழமை வருகிறேன், சேர்ந்து பார்க்கலாம் என்று பதில் போட்டாள்.

அன்றைக்கே நான் அதை மூடியிருக்கலாம். அம்பை நகர்த்தி ஒரு அழுத்து அழுத்தினால் போதும். கை அதற்குமேல் போயும் போயிற்று. ஆனால் மூடிய மறுநாளே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சனிக்கிழமை காலை மூடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. தங்கைக்கு உடம்பு சரியில்லை, வேலைக்குப் போகவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். முந்தின வாரம் அந்தப் பிள்ளை அம்மா கைப்பேசியில் பால்கனிப் படம் ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டிருந்தது. படத்தில் செடிக்குப் பின்னால் எதிர்க் கட்டிடத்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. நான் தடுத்து வைத்தது நாலு சொந்தக்காரர்களை. ஐந்தாவதாக மாப்பிள்ளைக்கு ஒரு ஒன்றுவிட்ட அக்கா இருந்தாள், அவளை நான் மறந்துவிட்டேன்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மூன்றாவது திரையில் எண் வந்தது. மாத்திரை எழுதியிருந்தாள். 'அவன் இப்ப எங்க கடைக்கு வந்தான். உன் பால்கனி படம் வச்சிருக்கான், போர்டு தெரியுது. உன்னைத் தேடிட்டுதான் வர்றான். கதவைத் திறக்காத. உடனே கிளம்பு.' கடையில் கூட்டம், முதலாளி பேச விடமாட்டார், அதனால் கல்லாவுக்கு அடியில் வைத்துத் தட்டியிருக்கிறாள்.

நான் திறந்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. எண் வந்தால் திறக்கிற கை அது. திறந்ததும் மாத்திரையின் கைப்பேசியில் இரண்டு குறியும் நீலமாகியிருக்கும், அதாவது தங்கை படித்துவிட்டாள் என்று அர்த்தம். தங்கையின் கைப்பேசியிலோ, புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்ற அடையாளமே போயிருக்கும். நான் படித்தால் அவள் படித்த கணக்கு.

அவளைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட்டு என்ன சொல்வது? மாத்திரை உனக்கு எழுதியது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்வது? பேசாமல் இருந்தால் மாத்திரை எப்படியாவது வெளியே வந்து அவளைக் கூப்பிடுவாள். நான் பார்க்கவே இல்லையே என்று இவள் சொல்வாள், நீலம் காட்டுதே என்று அவள் சொல்வாள், என் குட்டு உடைந்துவிடும். சனிக்கிழமைவரைகூட அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இவ்வளவும் நான் நிதானமாகத்தான் யோசித்தேன். பிறகு தங்கையின் பெயரில் பதில் போட்டேன்.

'பாத்துட்டேன், கிளம்பிட்டேன்.'

மாத்திரை, 'அப்பாடா' என்று போட்டாள். நான் மூன்று வரிகளையும் தங்கையின் பக்கத்திலிருந்து அழித்தேன். தான் எழுதாத பதிலை அவள் பார்த்துக் குழம்பக்கூடாது.

ஐந்து நிமிடத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி அவளை என் வீட்டுக்கு வரச் சொல்வதாகத்தான் இருந்தேன். சத்தியமாக. அதற்குள் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர், இதய நோயாளி. இருபத்திரண்டு நிமிடம் அவரோடு பேசினேன். அவருடைய பேரன்களைப் பற்றிக் கேட்டேன், மூச்சை எண்ணச் சொன்னேன். வெளியே வந்ததும், "உங்க குரல் கேட்டப்புறம்தான் தம்பி எனக்கு உயிரே வந்துச்சு" என்றார். அதுவும் பதிவில் இருக்கிறது. கேட்டுப்பாருங்கள்.

அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்தேன். திரையில் ஒரு புது வரி. இது அவளுக்கு வந்ததில்லை, அவள் அனுப்பியது. எனக்கு.

'அண்ணா அவர் வந்திருக்கார். வெளில நிக்கறார்.'

எங்கள் கைப்பேசிகளை வேலை நேரத்தில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், ஐந்து மணிக்குத்தான் கிடைக்கும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறாள். ஒரு நிமிடம் கழித்து, 'அழறார்ணா. பேசிட்டு போயிடறேன்னு சொல்றார்.' அப்புறம், 'திறக்கட்டுமா?'

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைப்பேசி பெட்டிக்குள் இருக்கும்போது நான் எப்படிப் பதில் சொல்வது? மேசையில் தொலைபேசி இருந்தது, ஆனால் அதில் பேசுவதெல்லாம் பதிவாகும். நூறு போட்டு உங்களைக் கூப்பிட்டிருக்கலாம், அதுவும் பதிவாகும். எப்படித் தெரியும் என்றுதான் நீங்களும் முதலில் கேட்டிருப்பீர்கள். ஆறு நிமிடம் அவள் காத்திருந்தாள். அந்தக் கணக்கு விசாரணையில் பிறகு வந்தது. திரையில் அதற்குமேல் ஒரு வரியும் வரவில்லை.

ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்து என் கைப்பேசியில் அந்த மூன்று வரிகளையும் பார்த்தேன். அப்போது அலறினேன். கூட வேலை செய்கிறவர்கள்தான் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்த அலறல் நடிப்பு இல்லை. நீங்கள் எதை நம்பாவிட்டாலும் அதை நம்புங்கள்.

மாப்பிள்ளை அவள் உடலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், ஓடவில்லை. ஆனால் விசாரணையில் மாத்திரையின் கைப்பேசி வந்தது. வருகிறான் என்று தெரிந்திருக்கிறது, கிளம்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், இருந்தும் போகாமல் அவளே கதவைத் திறந்திருக்கிறாள், விரும்பித்தான் உள்ளே விட்டாள், பிறகு பேச்சில் தகராறு வந்தது என்று அவன் வக்கீல் சொன்னார். தண்டனை பாதியாயிற்று. சாவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட, "வர்றான்னு தெரிஞ்சும் உக்காந்திருந்தாளே" என்றுதான் பேசிக்கொண்டார்கள். மாத்திரை என் தோளில் முட்டிக்கொண்டு அழுதாள். "கிளம்பிட்டேன்னு சொன்னாளே அண்ணா, ஏன் போகல?" நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய?

வழக்கு முடிந்து தங்கையின் கைப்பேசியை என்னிடம் கொடுத்தார்கள். மூன்றாவது திரையோடு அதை மறுபடி இணைத்தேன், தினமும் மின்னேற்றி வைக்கிறேன், அதனால் அது இன்னும் ஓடுகிறது. சில நாள் என் கைப்பேசியில் அவள் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வரும். அங்கே திறந்திருப்பது நான்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கும் கீழே 'திறக்கட்டுமா?' அப்படியே நிற்கும்.

தங்கை மகள் இப்போது மாத்திரையோடு இருக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் நாலரை மணிக்கு அம்மா எண்ணுக்கு ஏதாவது எழுதுகிறாள். கணக்கில் இவ்வளவு வாங்கினேன், பல் விழுந்தது என்று. நான் திறப்பேன், குறி நீலமாகும். போன வாரம், 'அம்மா நீ படிக்கிறியா?' என்று கேட்டாள். மறுநாள், 'தெரிஞ்சும் ஏம்மா கதவைத் திறந்த? என்னை நினைக்கலையா?' என்று கேட்டாள். குழந்தை அப்படிக் கேட்கும்போது சும்மா இருக்க முடியுமா? 'நினைச்சேன் கண்ணு' என்று எழுதினேன். அதைத்தான் மாத்திரை உங்களிடம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை இரண்டு நாளாகப் பேசவில்லை என்றீர்கள். சந்தோஷத்தில் சில குழந்தைகளுக்கு அப்படி ஆகும்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதிலைப் போட்டது என் தங்கை இல்லை, நான். அவள் எச்சரிக்கையைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறக்கும் முன் ஆறு நிமிடம் என்னைக் கேட்டாள், நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கையெழுத்துப் போட நான் தயார்.

ஆனால் அந்தக் கணினியை இன்றைக்கே எடுத்துப்போகாதீர்கள். மணி நாலே முக்கால் ஆகிறது, பிள்ளை ஏதாவது எழுதியிருப்பாள், பார்க்க ஆள் இல்லையென்றால் பயந்துவிடுவாள்.