மாமன் கிடாயும் அடிப்பிடித்த அண்டாவும்

அவைக்குத் தலைமையேற்று, மைக்கையும் எங்களையும் காலையிலிருந்து ஒருசேரக் கட்டிக் காக்கும் எங்கள் வட்டத் தலைவி சரஸ்வதி அம்மா அவர்களே, மூட்டுவலியை மறந்து முன்வரிசையில் முகமலர்ந்து வீற்றிருக்கும் மூத்தோர்களே, கேஸை அணைத்தோமா அணைக்கவில்லையா என்ற கவலையையும் கூடவே கூட்டி வந்திருக்கும் அன்னையர்களே, அக்காமார்களே, தங்கைகளே, வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலோரம் நிற்கும் வீட்டுக்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சௌந்தர்யாவின் பணிவான, பசியோடு கூடிய வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. மேடையில் பேசுவது என் பொழுதுபோக்கு. சமைப்பது என் வீட்டாரின் தலையெழுத்து. நீங்கள் சிரிக்கிறீர்கள். வாசலில் நிற்கும் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, பாருங்கள்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, மென்மையான கறியும் மின்னும் பாத்திரமும். சமைக்கத் தெரிந்த நூறு பேர் இருக்கும் சபையில் சமைக்கத் தெரியாத என்னிடம் ஏன் இதைக் கொடுத்தார்கள்? எனக்கு ஒரு கதை தெரியும் என்பதால் கொடுத்தார்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஓர் அலுமினிய அண்டாவைச் சாய்த்து வைத்திருக்கிறார்களே, வந்ததிலிருந்து எல்லோரும் அதையே பார்க்கிறீர்களே, அதன் கதை அது.

நம்முடைய திண்டுக்கல் வீட்டுச் சமையல் வட்டம் என்பது என்ன? கைப்பேசிக்குள் கூடியிருக்கும் ஒரு பெரிய அடுப்படி. காந்திகிராமத்திலிருந்து ஒருத்தி கேட்பாள். பேகம்பூரிலிருந்து ஒருவர் பதில் சொல்வார். சின்னாளபட்டியில் தறியை நிறுத்திவிட்டு ஒருத்தி சந்தேகம் கேட்பாள். வடமதுரையில் பூப்பறித்த கையோடு ஒருத்தி தீர்த்துவைப்பாள். முற்றிய கறியை எப்படி வேகவைப்பது? கருகிய சட்டியை எப்படிக் கழுவுவது? சுற்றிச் சுற்றி இந்த இரண்டு கேள்விகளில்தான் நம் வட்டம் சுழல்கிறது.

ஆனால் தாய்மார்களே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் வட்டத்தில் வரும் படங்கள் எப்படிப்பட்டவை? மணி மணியாக உதிரும் சீரகச் சம்பா, மினுமினுக்கும் சுக்கா, முகம் பார்க்கலாம் போல் தேய்த்த குக்கர். அப்படியானால் கருகிய சட்டி யாருடையது? "எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடிப்பிடிச்சிருச்சாம், என்ன செய்யலாம்?" இதுதானே நம் வாசகம்? திண்டுக்கல் சுற்று வட்டாரத்தில் சட்டி கருகுவதெல்லாம் பக்கத்து வீட்டில்தான். அந்தப் பாவப்பட்ட பக்கத்து வீட்டு அக்காவை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நீங்கள் பார்த்ததுண்டா? அங்கே ஓர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். ஐரின் சிஸ்டர், நான் பெயரைச் சொல்லவில்லை.

இனி கதைக்கு வருகிறேன். தாடிக்கொம்புக்கு அருகே பூ விவசாயம் செய்யும் குருசாமியின் மனைவி முத்துப்பேச்சி. அவர் எனக்குத் தெருக்காரி, நம் வட்டத்தில் உறுப்பினர். சொல்லலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன், கொடுத்தார். அவருடைய அண்ணன், வடமதுரைப் பக்கத்து விவசாயி மொக்கைச்சாமி. அவரிடம் கேட்கவில்லை. பின்வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போவது அவருக்குப் பழக்கம் என்பதால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? முத்துப்பேச்சியின் மகள் ஜீவிதா தொட்டில் குழந்தையாக இருந்தபோது அவர்கள் புதுவீடு புகுந்தார்கள். கறி விருந்து. பந்தியில் அண்ணன் விளையாட்டாகச் சொன்னார்: "என்னத்தா பேச்சி, கறி ரப்பராட்டம் இருக்கு." விடியற்காலையிலிருந்து ஓடியாடிக் களைத்துப் போயிருந்த குருசாமிக்குச் சுருக்கென்றது. "வெந்தத மட்டும் தின்னுட்டுக் கெளம்புங்க மச்சான்" என்றார். மொக்கைச்சாமி பாதி இலையில் எழுந்தார். கை கழுவினார். போய்விட்டார்.

பாதி இலையில் எழுவது நம் பக்கத்தில் லேசான காரியமா? அன்றோடு போக்குவரத்து நின்றது. நல்லது கெட்டதுக்குத் தகவல் நின்றது. அண்ணன் வருவார் என்று தங்கை இருந்தாள், தங்கை கூப்பிடுவாள் என்று அண்ணன் இருந்தார். நடுவில் அகப்பட்டது யார்? அந்தக் குழந்தை. மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாதே. ஒன்றாம் வகுப்பு முடிந்து இரண்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள், காது வெறுங்காது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து கேட்டாளாம்: "எல்லாரும் கம்மல் போட்டிருக்காளுக. எனக்கு மட்டும் மாமா இல்லியாம்மா?"

அந்த ஒரு கேள்விக்குக் குருசாமியின் வீம்பு தாங்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வெற்றிலை பாக்குப் பழத்தோடு போய் அழைத்தார்கள். மொக்கைச்சாமி தட்டை வாங்கிக்கொண்டார். "வாரேன்" என்றார். காதுகுத்துக்கு முதல்நாள் மாலை லோடு ஆட்டோவில் மாமன் சீராக ஒரு கிடாயோடு வந்து இறங்கினார்.

கிடாயைப் பார்த்ததும் முத்துப்பேச்சி கலங்கிப்போனார். முற்றல் என்றால் அப்படியொரு முற்றல். கொம்பு வளைந்து, தாடி நீண்டு, நமக்கே அறிவுரை சொல்லும் போல நின்றது. மாமன் கொண்டுவந்த கிடாயைத்தான் அந்த விருந்தில் சமைக்க வேண்டும். அதை ஒதுக்கிவிட்டுக் கடைக்கறி எடுத்தால் மாமனையே ஒதுக்கியதாகும். சமைத்துக் கறி வேகாமல் போனாலோ? ஒருமுறை வேகாத கறிக்காக எழுந்து போன மனிதர் அவர். அவர் எழாவிட்டாலும் ஊர் விடுமா? "கெழட்டு ஆட்டக் கொண்டாந்து தள்ளிட்டான், பகை தீரல" என்று பந்தியிலேயே பேசும். அண்ணனைத் தலைகுனிய விடக் கூடாது. அவர் இலையைவிட்டு எழக் கூடாது. அந்தத் தங்கையின் தவிப்பு முழுவதும் அவ்வளவுதான்.

விடிந்ததும் கிடாய் வெட்டிக் கறி வந்தது. முத்துப்பேச்சி வட்டத்தில் கேள்வி போட்டார். எப்படிப் போட்டார்? எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். ஆமாம், "பக்கத்து வீட்டு அக்காவுக்கு முத்தல் கறி, என்ன செய்யலாம்?"

பதில்கள் பறந்து வந்தன. நம் வட்டத்தின் ஒரே ஆண்மகன், வீட்டில் சமைத்து வட்டத்தையே வாயூற வைக்கும் மீரான் பாய் எழுதினார்: "பப்பாளிக்காய அரச்சுத் தடவுங்கம்மா. செத்த நேரம் போதும். எம்புட்டுக் கறி, எம்புட்டு நேரம் ஊறும்?" ஐரின் சிஸ்டர், கொட்டாங்குச்சித் துண்டு ஒன்றை உள்ளே போட்டு வேகவைக்கச் சொன்னார். நம் தலைவி அவர்கள் கொட்டைப்பாக்கு என்றார். எல்லாம் நல்ல யோசனைகள், எல்லாம் கைகண்ட யோசனைகள். ஆனால் மீரான் பாய் கேட்ட கேள்விக்குப் பதில் போகவில்லை. எப்படிப் போகும்? பக்கத்து வீட்டு அக்காவின் கறி எவ்வளவு நேரம் ஊறும் என்று முத்துப்பேச்சிக்கு எப்படித் தெரியும்? சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

மூன்று யோசனையையும் முத்துப்பேச்சி ஒரே அண்டாவில் இறக்கினார். ஒரு காய்ச்சலுக்கு மூன்று டாக்டர் மருந்தையும் ஒரே மடக்கில் விழுங்கின மாதிரி. பப்பாளியைத் தடவிவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். காது குத்தும் ஆசாரி நேரம் கழித்து வந்தார். குழந்தை மாமன் மடியில் ஏறமாட்டேன் என்று அழுதது. புது மாமன்தானே அவளுக்கு. அழுகை அடங்கி, காது குத்தி, திரும்பி வருவதற்குள் பப்பாளி தன் வேலையைப் பார்த்துவிட்டது. அது தெரியாமல், முற்றல் கறியாயிற்றே என்று இவர் தீயைத் தூக்கி வைத்தார். கறி குழைந்தது, மசாலா அடியில் அமர்ந்தது, அண்டா அடிப்பிடித்தது.

அந்த வாடை உங்களுக்குத் தெரியும். வாசலில் பந்திப் பாய் விரித்தாயிற்று. உள்ளே ஒரு பெண் கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறாள். அழுதால் ஆகுமா? ஒளித்தால் ஆகுமா? அப்போதுதான் முத்துப்பேச்சி நம் வட்டத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். அண்டாவைப் படம் எடுத்துப் போட்டார். கீழே எழுதினார்: "பக்கத்து வீட்டு அக்கா இல்ல. நாந்தான். எங்க அண்ணே கொண்டாந்த கெடா. இன்னிக்கு எந்திரிச்சுப் போனாருன்னா இனி வரமாட்டாரு."

அப்புறம் பாருங்கள். ஐரின் சிஸ்டர் எழுதவில்லை, நேரே போனில் கூப்பிட்டார்: "கரண்டியத் தொடாதீங்க. அடியச் சுரண்டாதீங்க. மேலாப்புல இருக்கறத மட்டும் வேற பாத்திரத்துக்கு மாத்துங்க." மீரான் பாய் குரல் பதிவு போட்டார்: "வெங்காயத்தைப் புதுசா வதக்கி, தேங்காப்பால் விட்டு, மாத்துன கறியில ஊத்துங்கம்மா. கறி உதுந்துருச்சுன்னு கவலப்படாதீங்க. கொத்துக்கறின்னு தைரியமாப் பரிமாறுங்க." நானும் ஓடினேன். சமையல் தெரியாதவளுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாதா என்ன?

பந்தி தொடங்கியது. மொக்கைச்சாமி இலையில் கறி விழுந்தது. எதிர் இலையில் நான் இருந்தேன். அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். தேங்காய்ப்பாலுக்கு அடியில் அந்தத் தீய்ந்த வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. முத்துப்பேச்சி கதவுக்குப் பின்னால் நின்றார். குருசாமி வாளியும் கையுமாக அப்படியே நின்றார்.

மொக்கைச்சாமி தலையைத் தூக்கி, "அடிப்பிடிச்சிருச்சாக்கும்?" என்றார்.

"ஆமா மச்சான்" என்றார் குருசாமி.

"அன்னைக்கு வேகல. இன்னைக்குக் கூடுதலா வெந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு இலையைக் காட்டினார். "இன்னுங் கொஞ்சம் வைய்யி மாப்ள."

இருங்கள், கைத்தட்டலைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த அண்டாவைச் சுமந்து வந்திருக்க மாட்டேன்.

பந்தி முடிந்தது. அண்டா கொல்லையில் ஊறிக்கொண்டிருந்தது. அதற்கும் ஐரின் சிஸ்டர்தான் சொல்லியிருந்தார்: "சோடா போட்டா அலுமினியம் கறுத்துரும். கொதிதண்ணியில புளியும் கல்லுப்பும் போட்டு ஊறவிடுங்க. ஊறாம தேய்க்காதீங்க." மாலையில் முத்துப்பேச்சி தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வடமதுரை பஸ்ஸுக்குக் கிளம்பிய அண்ணன் சொல்லிக்கொள்ள வந்தவர், பையைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நாரை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார். ஆண்கள் பாத்திரம் தேய்த்துப் பழக்கமில்லாத வீடு அது. சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

முத்துப்பேச்சி மெதுவாகக் கேட்டார்: "ஏண்ணே, இம்புட்டு முத்தலா ஏன் கொண்டாந்த?"

அவர் கை நிற்கவில்லை. "பாப்பா பொறந்தப்ப அவ காதுகுத்துக்குன்னு ஒதுக்கி விட்ட குட்டி அது. நீ கூப்புடல. கேட்டவுகளுக்கு நானும் குடுக்கல. அதுபாட்டுக்கு வளந்துருச்சு."

அன்னையர்களே, அக்காமார்களே, யோசித்துப் பாருங்கள். கிடாய் முற்றிப்போனது என்று கலங்கினாளே, எதனால் முற்றியது? காத்திருந்து முற்றியது. விலைக்குக் கேட்டவர்களுக்கு எல்லாம் இல்லை இல்லை என்று சொல்லி, ஒரு மனிதர் தன் ஆட்டுக் கொட்டடியில் தங்கையின் அழைப்புக்காக அதைக் கட்டி வைத்திருந்தார். ஊர் அதைக் கிழட்டு ஆடு என்று சொல்லும். நான் அதை அண்ணன் என்று சொல்வேன். அங்கே தங்கையும் அழுதாள், வெங்காயம் உரித்துத் தேறிய நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

அதனால்தான் கேட்கிறேன். ஒளித்து எதைச் சாதித்தோம்? காலையிலேயே "என் கறி" என்று சொல்லியிருந்தால் பப்பாளியை எப்போது கழுவுவது என்று மீரான் பாய் சொல்லியிருக்க மாட்டாரா? அன்றைக்கே "என் கோபம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு குழந்தை இத்தனை காலம் வெறுங்காதோடு திரிந்திருக்குமா? நன்றாக வந்ததைக் காட்டினால் லைக் வரும். கருகியதைக் காட்டினால்தான் மனிதர்கள் வருவார்கள். இனி நம் வட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா வேண்டாம். அந்தப் புண்ணியவதிக்கு இன்றோடு ஓய்வு கொடுப்போம். என் சட்டி, என் கறி, என் அடுப்பு என்று எழுதுவோம். நானே தொடங்குகிறேன்: இன்று காலை எங்கள் வீட்டு உப்புமா கருகியது. வாசலில் ஒருவர் தலையாட்டுகிறார், அதுவே சாட்சி.

முடிக்கப் போகிறேன். அண்டாவைக் கொஞ்சம் விளக்கடிக்குத் திருப்புங்கள். உள்ளே பாருங்கள். பளபளக்கிறது, அல்லவா? நடுவில் மட்டும் ஒரு கறுப்பு வட்டம் தெரிகிறதா? அது போகாத கறையா? இல்லை. அன்று மாலை அது பாதிக்கு மேல் இளகிவிட்டது. இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் போயிருக்கும். மொக்கைச்சாமி நாரைக் கீழே வைத்துவிட்டார். முத்துப்பேச்சி நாரை எடுக்கப் போனபோது தடுத்துச் சொன்னார்:

"அது கெடக்கட்டும் பேச்சி. அடுத்த வாட்டி வந்து தேய்க்கிறேன்."

அதற்குப் பிறகு தீபாவளிக்கு வந்தார், பொங்கலுக்கு வந்தார், ஒன்றுமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வந்தார். கறுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது. முத்துப்பேச்சி அந்த இடத்தில் நாரைப் போடுவதே இல்லை.

பின்வரிசையைத் திரும்பிப் பாருங்கள். நான் இவ்வளவு பேசியும் அந்த மனிதர் எழுந்து போகவில்லை. அவர் மடியில் கம்மல் போட்ட ஒரு குழந்தை தூங்குகிறது.

பேச அழைத்த தலைவிக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பக்கத்துக் கூடத்தில் நமக்காக அடுப்போடு போராடிக்கொண்டிருக்கும் கைகளுக்கும் என் நன்றி. இலை போட்டாயிற்றாம். எல்லோரும் வாருங்கள், கடைசிவரை உட்கார்ந்து சாப்பிடுவோம். வணக்கம்.