கட்டத்துல துரு வடியுமா?

ஃபர்ன்: எடுக்க மாட்டேன், க்ளைட். போனை வைங்க.

க்ளைட்: முழுசாக் கேளும்மா... மாவட்ட ஆணையர் ரட் என் எதிர்லயே உக்காந்திருக்கார். நம்ம பத்திரிகை வெப்சைட்ல நீ போட்ட பாலத்துப் படத்தை இப்பவே தூக்கணுமாம்.

ஃபர்ன்: ஏனாம்?

க்ளைட்: இரும்பு உத்தரத்துல தெரியுற கோடு விரிசலே இல்லையாம். படத்தைச் சுருக்கினதுல வந்த கோளாறாம். மாவட்ட இன்ஜினியரே சொல்லிட்டாராம்.

ஃபர்ன்: பாலத்துக்கு அடியில போய்ப் பாத்தாரா அவரு?

க்ளைட்: அது வந்து... நம்ம வெப்சைட்ல பாத்தாராம். பெருசாக்கி அச்சடிச்சும் கொடுத்திருக்கார்.

ஃபர்ன்: நாசமாப் போச்சு! தபால்தலை சைஸ் படத்தை இழுத்துப் பாத்துட்டா பாலம் நல்லாருக்குன்னாரு?

க்ளைட்: கத்தாதே, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

ஃபர்ன்: நல்லது! ஆணையரே, கேக்குதா? சுருக்கினா படம் கட்டம் கட்டமா உடையும், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கோட்டுலேர்ந்து துரு வடியுதே, கட்டத்துல துரு வடியுமா?

க்ளைட்: துரு எங்கம்மா? இந்தத் தாள்ல கட்டம்தான் தெரியுது.

ஃபர்ன்: எல்லாம் உங்களாலதான்! மலை மேல சிக்னல் இல்ல, பக்கம் சட்டுனு திறக்கணும், படத்தை நசுக்கு நசுக்குன்னு உயிரை வாங்கினீங்க. நசுக்கினேன். துருவும் சேந்து கரைஞ்சு போச்சு.

க்ளைட்: சரி... இப்ப எடுத்துடு.

ஃபர்ன்: முடியாது. ஸ்கூல் விட்டா அத்தனை பஸ்ஸும் அது மேலதான் வரணும்.

க்ளைட்: வேலை போயிடும்.

ஃபர்ன்: போகட்டுமே! சர்ச் சமையக்கட்டுல பியரோகி கொழுக்கட்டை வித்துப் பொழைச்சுக்கறேன்.

க்ளைட்: பிடிவாதக்காரி... இரு. ரட் கோவிச்சுக்கிட்டு எழுந்திட்டார்... கதவை அறைஞ்சிட்டுப் போறார்... ம். கார் கிளம்பிடுச்சு.

ஃபர்ன்: அப்பச் சொல்லிடறேன். சின்னப் படத்தை மதியமே எடுத்துட்டேன். இப்ப அங்க இருக்கிறது கேமராவுல இருந்த அசல். துரு ஒழுகறது வரைக்கும் தெரியும்.

க்ளைட்: தெரியும். பக்கம் திறக்க ஒரு யுகம் ஆச்சே, அப்பவே புரிஞ்சிடுச்சு.

ஃபர்ன்: பின்ன எதுக்கு இவ்வளவு நேரம் என்னோட மல்லுக்கட்டினீங்க?

க்ளைட்: அந்த அசலை பஸ் டிரைவருங்க எல்லாருக்கும் அனுப்பினேன். யாரும் பாலத்துல ஏற முடியாதபடி அவங்க பஸ்ஸைக் கொண்டுபோய் ரெண்டு முனையிலயும் குறுக்க நிறுத்துற வரைக்கும், ஆணையரு தடுக்கப் போயிடாம நாற்காலியிலயே இருக்கணுமே!